சீனி மூட்டைக்கு மேலே

நானாவின் தராசுத் தட்டில் விழுந்த அந்த ஒரு சொட்டில் ஷாம்பு வாசம் இருந்தது. பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் அண்ணாந்து பார்த்தார். துறைமுகப் பக்கம் அவருடைய பலசரக்குக் கடைக்கு மேலே, பழைய பலகைத் தளம் போட்ட அறையில், என் அக்கா பெண்களுக்கு முடி வெட்டி அலங்காரம் செய்கிற கடை வைத்திருந்தா. கட்டடம் நானாவுடையது; முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். கிண்ணியாவிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருகிற மனிதர்; அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அன்று படியேறி வந்து, "மகள், பெருநாளைக்கு முந்தி இந்த ஒழுக்கை நிப்பாட்டுங்க. ஏலாட்டி அறையை விட்டுடுங்க" என்றார்.

அந்த அறைதான் எங்களுக்குச் சோறு போட்டது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புக்கு மேல் வரும் சாதாரணதரப் பரீட்சையைத் தாண்டிய முதல் ஆள் நான். தொழில்நுட்பக் கல்லூரிவரை என்னைக் கொண்டுபோனது அக்காவின் கத்தரிக்கோல். அதனால் ஒழுக்கு நிற்கத் தளத்துக்கு டைல்ஸ் போடும் வேலையை நானே எடுத்தேன். பலகை அசைந்தால் மேலே ஒட்டிய டைல்ஸ் வெடிக்கும்; வெடிப்பு மயிரளவு என்றாலும் தண்ணீர் இறங்கிவிடும். ஆகவே ஒட்டுவதற்கு முந்தின வேலைதான் வேலை. உளுத்த பலகைகளை மாற்றினேன். பிறகு அடிமேல் அடிவைத்து நடந்து, அசைகிற இடங்களைக் கொப்பியில் குறித்தேன். நாலு இடம்.

கீழே இறங்கினால், நானா மூட்டைகளில் தூசி தட்டிக்கொண்டிருந்தார். என் கொப்பியை எட்டிப் பார்த்தார். "தம்பி, உங்கட கொப்பியில நாலு. என்ட சாமான்ல ஒன்பது."

நான் மேலே நடக்க நடக்க, அசைந்த ஒவ்வொரு பலகை இடுக்கிலிருந்தும் கீழே தூசி கொட்டியிருக்கிறது. எனக்கு முகம் சுருங்கிப்போனது. படித்தது பொய்யில்லை, ஆனால் தளத்துக்குக் கீழேயும் ஒரு பக்கம் இருக்கிறதென்று எனக்குத் தோன்றவேயில்லை. "திரும்பப் போய் நடங்க, நான் சொல்றன்" என்றார் அவர்.

நடந்தேன். கீழேயிருந்து குரல் வந்தது. "சீனிக்கு மேல! தராசுக்கு மேல, கொஞ்சம் வாசல் பக்கம்! கருவாட்டுக்கு மேல... மெல்ல தம்பி, கண்ணுக்குள்ள விழுந்திட்டு!"

அக்கா சோக்குக்கட்டியால் பலகையில் சீனி, தராசு, கருவாடு என்று எழுதிக்கொண்டே வந்தா. "இவ்வளவு நாளும் கருவாட்டுக்கு மேல வைச்சோ பொம்பிளையளுக்குச் சோடிச்சனான்?" என்று சிரித்தா. கீழேயும் சிரிப்புச் சத்தம். சொட்டு விழுந்த நாளிலிருந்து இருவரும் முகம் கொடுத்துப் பேசியிருக்கவில்லை.

எழுதிய இடமெல்லாம், அடியிலுள்ள மரச்சட்டம்வரை இறங்கும்படி திருகாணி முடுக்கினேன். மறுபடி நடந்தேன், கீழே சத்தமில்லை. மேலே ஒட்டுப்பலகை அடித்து, மரம் விரியவென்று ஓரங்களில் இடைவெளி விட்டு, தண்ணீர் இறங்காத பூச்சுப் பூசினேன். அது காய்ந்த அன்று அக்கா ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தா. நானா தொப்பியைக் கழற்றிவிட்டு, வெறுந்தலையோடு கீழே நின்றார். அரைமணித்தியாலம் அண்ணாந்தபடியே நின்றார்.

"நானா?" என்றா அக்கா, படியில் நின்று.

"ஒண்டுமில்ல மகள். டைல்ஸை ஒட்டச் சொல்லுங்க."

இப்போது நிலாவெளி விடுதிகளில் எனக்கு டைல்ஸ் வேலை. கருவி வைத்து மட்டம் பார்க்கிறோம். அக்காவின் கடையில் நாள் முழுக்கத் தலை கழுவுகிறார்கள். நானாவுக்கு ஒரேயொரு குறை. முன்பெல்லாம் பலகை கிறீச்சிட்டால் அக்கா வந்துவிட்டா என்று தெரியும், ஒரு கோப்பை பிளேன்ரீ அனுப்புவார். "இப்ப மேல ஆள் இருக்கிறதே விளங்குதில்ல" என்கிறார். அதனால் அக்கா காலையில் கடை வாசலில் நின்று, "நானா, வந்திட்டன்" என்று சொல்லிவிட்டுத்தான் படியேறுகிறா.