கழுத்துக்கு மேலே மட்டும் ஜிம் மாஸ்டர்

ஜிம் மாஸ்டர் வேலை என்பது, அடுத்தவருக்கு மூச்சு வாங்கும்போது பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருப்பது. எண்ணத் தெரிந்தால் பாதி வேலை தெரிந்த மாதிரி. மீதிப் பாதி, "இன்னும் ஒண்ணுதான், இதுதான் கடைசி" என்று மனசாட்சியே இல்லாமல் மூன்று தடவை சொல்வது. ஜனவரியில் சேர்ந்து, தொடை வலியோடு வீட்டுக்குப் போய், அதோடு எங்களை மறந்துவிட்ட அன்பர்களே, அந்தக் கடைசி ஒன்று உங்களுக்கு நினைவிருக்கும். உங்களைப் படுத்தியதற்கு எனக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். கேட்டு ஆறுதல் அடையுங்கள்.

சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டி, முதல் மாடியில் எங்கள் ஜிம். நேர் கீழே பேக்கரி. சாயங்காலம் நாலு மணிக்கு முட்டை பப்ஸ் வாசனை படியேறி மேலே வரும். பத்து வருஷம் அதற்கு மசியாமல் இருந்தவன் நான். பிறகு கொரோனா வந்தது, ஜிம்மைப் பூட்டினார்கள், நான் வீட்டில் சமையலறைக்குப் பக்கத்து அறையில் மாட்டிக்கொண்டேன்.

குக்கர் மேல் சாய்த்த போன்

காலை ஆறு மணிக்கு வீடியோவில் வகுப்பு. போனைப் பிரஷர் குக்கர் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். முதல் இரண்டு வாரம் நானும் அவர்களோடு சேர்ந்து குதித்தேன், குனிந்தேன், உட்கார்ந்து எழுந்தேன். அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். யாரும் என்னைப் பார்ப்பதில்லை. எல்லோரும் திரையின் மூலையில் தெரியும் தங்கள் சொந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்ணினால் போதும், செய்ய வேண்டியதில்லை.

அன்றிலிருந்து போனை இன்னும் கிட்டே வைத்துக்கொண்டேன். திரையில் தெரிந்தது கழுத்துக்கு மேலே மட்டும். கழுத்துக்குக் கீழே மடியில் ஒரு தட்டு, தட்டில் பூரி. என் மனைவி சூடாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே இருப்பாள். மூன்று மாதத்தில் பழைய பேண்ட் எதுவும் இடுப்பைத் தாண்டவில்லை. லுங்கிதான் துணை. என்னோடு வேலை பார்க்கும் மாஸ்டர் தினேஷ், வகுப்பு எப்படிப் போகிறது என்று பார்க்க ஒருநாள் வீடியோவில் வந்தான். முடிந்ததும் போன் பண்ணினான். "மச்சான், நீ 'ஏழு'ன்னு சொல்லும்போது வாய்க்குள்ள உருளைக்கிழங்கு தெரியுது. எட்டு, ஒன்பதை மெல்லாம சொல்லு."

வீட்டுக்குள் இருந்த எடை

டம்பெல் எல்லாம் பூட்டிய ஜிம்முக்குள். வீட்டில் கனமாக இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நான் பார்த்த காட்சிகளை என்னால் இன்றும் நம்ப முடியவில்லை. ஐ.டி.யில் வேலை பார்க்கும் ஒருவர் துடைப்பக் கட்டையின் இரண்டு முனையிலும் தண்ணீர் கேனை மாட்டித் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். ஓர் அம்மா அரிசி மூட்டையைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஹால் முழுக்க நடந்தார். ஜிம்மில் ஐந்து கிலோவைத் தொட்டதும் "தோள் பிடிக்குது மாஸ்டர்" என்று முனகிய அதே ஆட்கள்தான். இத்தனை பலத்தை இவர்கள் இவ்வளவு நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள் என்று வாயைப் பிளந்து பார்த்தேன். வாய் திறந்திருந்ததால் ஒரு பூரியும் உள்ளே போனது.

எல்லோரையும் மிஞ்சியவர் கோபால் சார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கிழக்குத் தாம்பரம். கிரைண்டரிலிருந்து குழவியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி ஒரு பாத்திரத்தோடு வந்து நின்றார். "பதினஞ்சு ஆச்சா? ஆச்சுன்னா குழவியக் குடுங்க, அரிசி ஊறி எவ்வளவு நேரமாச்சு!"

பின்வரிசை டீச்சர்

மாடம்பாக்கத்திலிருந்து ப்ரீத்தி என்று ஒரு பெண், எங்கள் பழைய உறுப்பினர். ஒருநாள் அவளுக்குப் பின்னால், காட்டன் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைக்கொரு ரவை டப்பாவோடு ஓர் அம்மா நின்றார். அவளுடைய மாமியார் ஸ்டெல்லா டீச்சர். அறுபத்து நாலு வயது. கான்வென்ட் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, அவராகவே வந்து நின்றுவிட்டார். பதினைந்து தடவை உட்கார்ந்து எழுந்திருங்கள் என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல என் கைவரிசையைக் காட்டினேன். "பதினாலு… பதினாலு… இன்னும் ஒண்ணு… இதான் கடைசி… கடைசிலயும் கடைசி…"

எல்லோரும் பொத்தென்று தரையில் உட்கார்ந்தார்கள். டீச்சர் மட்டும் ரவை டப்பாவைக் கீழே வைத்துவிட்டு போனுக்குப் பக்கத்தில் வந்தார். கண்ணாடி வழியாக என்னை நேராகப் பார்த்தார். நான் அவசரமாக மென்றதை விழுங்கினேன். "தம்பி, பதினஞ்சுன்னு சொன்னீங்க, பதினெட்டு ஆயிருக்கு. அந்த மூணு எதுக்குன்னு சொல்லிட்டா, நானும் சந்தோஷமா செய்வேன்."

சாப்பிடுவதற்கு முன் ஒரு போட்டோ

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர்கள் என்ன சாப்பிடுகிறார்களோ, அதைச் சாப்பிடுவதற்கு முன் போட்டோ எடுத்து ஜிம்மின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். வெட்கத்துக்காவது கொஞ்சம் குறைத்துச் சாப்பிடுவார்கள். தினமும் பப்பாளி, அவித்த முட்டை, ஓட்ஸ் என்று வரிசையாக வரும். நான் ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரலைக் காட்டுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வாழை இலையில் மலை மாதிரி மட்டன் பிரியாணி, பக்கத்தில் சுக்கா, நாலு அவித்த முட்டை, ஒரு கிண்ணம் பாயசம். இதை தினேஷின் வயிற்றெரிச்சலைக் கிளப்ப அனுப்பினேன். போனது குழுவுக்கு. மணி காலை பதினொன்று.

அழிப்பதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். பிறகு கோபால் சார் ஓர் உண்மையைப் போட்டு உடைத்தார். நாற்பது நாளாகத் தான் அனுப்பிய அவித்த முட்டை போட்டோ ஒரே முட்டைதான், முதல் நாள் எடுத்தது. அடுத்து ஒருவர் அல்வா போட்டார். இன்னொருவர் முறுக்கு டப்பாவைத் திறந்து காட்டினார். ஊரே இத்தனை நாள் எனக்கு பப்பாளியைக் காட்டிவிட்டுப் பின்னால் பஜ்ஜி தின்றிருக்கிறது. உண்மையாகப் போட்டோ அனுப்பிக்கொண்டிருந்தது ஒரே ஆள்தான், ஸ்டெல்லா டீச்சர். அவரிடமிருந்து செய்தி வந்தது. "தம்பி, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. இந்த இலை எத்தனை பேருக்கு?"

கடைசி மூன்று

அடுத்த வருஷம் இரண்டாவது அலை. ஜிம் பூட்டியபடியேதான் இருந்தது. இடையில் திறக்கலாம் என்று சொன்னபோதும் எங்கள் ஓனருக்கு தைரியம் வரவில்லை. ஒருநாள் காலை ப்ரீத்தியின் கட்டத்தில் சுவரும் காலண்டரும் மட்டும் தெரிந்தன. பிறகு அவள் முகம் வந்தது. அத்தையை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம், ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வீடியோவை அணைத்துவிட்டாள்.

மறுநாள் யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். எல்லோரும் வந்தார்கள். நான் எண்ணினேன். டீச்சருக்குப் பயந்து ஒரு வருஷமாகச் சரியாக எண்ணிப் பழகியிருந்தேன், அதனால் பதினைந்தில் நிறுத்தினேன். குழவியைத் தூக்கிக்கொண்டிருந்த கோபால் சார் நிறுத்தவில்லை. "மாஸ்டர், அந்த மூணையும் சேத்து எண்ணுங்க. டீச்சர் கணக்குல இருக்கட்டும்."

முழு உருவம்

இருபது நாள் கழித்து டீச்சர் வீட்டுக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மகனும் பக்கத்து வீட்டுக்காரரும் மாடிக்குத் தூக்கிப் போனார்கள். பாத்ரூமுக்குப் போகக்கூட ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இனிமேல் இப்படியேதான் இருந்துவிடுவாரோ என்று ப்ரீத்தி என்னிடம் அழுதாள். மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் ஒரு தாள் கொடுத்திருந்தார். அதில் முதல் வரி, நாற்காலியிலிருந்து தானாக எழுந்து நிற்பது. டீச்சர் என்னை வீடியோவில் கூப்பிட்டார். குரல் பாதியாகியிருந்தது. "நீங்க செஞ்சு காட்டுங்க தம்பி, பாத்துட்டு நானும் செய்யறேன்" என்றார்.

செய்து காட்ட வேண்டுமானால் போனைத் தூர வைக்க வேண்டும். பதினைந்து மாதமாக மறைத்து வைத்திருந்த என் முழு உருவம், தொப்பையும் லுங்கியுமாக அன்று திரைக்கு வந்தது. டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். நான் உட்கார்ந்து எழுந்தேன். எட்டாவது தடவையில் எனக்குக் கண் இருட்டியது. பத்து வருஷம் ஊருக்கு எழுந்திருக்கச் சொல்லிக்கொடுத்தவன், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் அவர் ஆரம்பித்தார். கைப்பிடியை அழுத்தினார். பாதி எழுந்து உட்கார்ந்துவிட்டார். மூச்சு திரும்பும் வரை காத்திருந்தார். மறுபடி அழுத்தினார். உதடு வெளுத்தது. நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், நின்றுவிட்டார். நூறு கிலோ தூக்குகிறவர்களை எல்லாம் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா தன் உடம்பைத் தானே தூக்கியதைப் பார்த்தபோதுதான் எனக்கு மெய் சிலிர்த்தது. அழுதுகூட விட்டேன்.

"ஜிம் திறக்கற அன்னைக்கு நானே படியேறி வருவேன், யாரும் தூக்கக் கூடாது" என்றார். "எத்தனை படி?" "இருபது இருக்கும் டீச்சர்." அவ்வளவு பலவீனத்திலும் அவர் புருவம் உயர்ந்தது. "இருக்கும்னா என்ன அர்த்தம்? போய் எண்ணிட்டு வந்து சொல்லுங்க. இன்னைக்கு நான் ஒண்ணு, நீங்க எட்டு. குறிச்சு வச்சுக்கறேன்."

இருபத்திரண்டு

பத்து வருஷமாக ஏறி இறங்கிய படியை முதல் தடவையாக எண்ணினேன். இருபத்திரண்டு. ஜிம் திறந்ததும், டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, ஒரு காலையில் டீச்சர் ப்ரீத்தியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். பாதி இளைத்திருந்தார். விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப். மேலே வாசலில் கோபால் சாரும் மற்றவர்களும் நின்றார்கள். மாடிப்படி நடுவில் திரும்பும் இடத்தில் தினேஷ் ஒரு நாற்காலியோடு நின்றான். பேக்கரிக்காரர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்துவிட்டார். ஆட்டோக்காரர் கிளம்பவே இல்லை.

டீச்சர் கைப்பிடியைப் பிடித்தார். ஒரு கால், பிறகு மறு கால். நான் பின்னால் ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே போனேன். பதினொன்றில் நாற்காலியில் உட்கார்ந்தார். ப்ரீத்தி விரல் கிளிப்பைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தலையாட்டினாள். இவர் இங்கேயே திரும்பிவிட்டால் அப்புறம் வீட்டை விட்டு இறங்கவே மாட்டார் என்று எனக்குள் ஒரே பயம். எழுந்தார். ஏறினார். இருபதில் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? "இன்னும் ஒண்ணுதான் டீச்சர்" என்றேன்.

நின்றார். மூச்சு வாங்கியபடி திரும்பிப் பார்த்தார். "ரெண்டு" என்றார். திரும்பி, இரண்டையும் ஏறினார்.

கீழேயிருந்து ஆட்டோக்காரர் கத்தினார். "யம்மா, இன்னா ஏறு ஏறிக்கினு போற! என் வூடு ரெண்டாவது மாடி, நானே டெய்லி பேஜாராவுறேன்!" எல்லோரும் கைதட்டினார்கள். நான் கைதட்டவில்லை, எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும், டீச்சர் மூலையிலிருந்த எடை மெஷினைக் காட்டினார். தனக்காகக் கேட்கிறார் என்று நினைத்துக் கைகொடுக்கப் போனேன். அவர் விரல் என்னைக் காட்டியது. எல்லோர் முன்னாலும் ஏறி நின்றேன். பழைய எடையைவிடப் பதினான்கு கிலோ கூடுதல். பூரி, சுக்கா, பாயசம் எல்லாம் முள்ளில் வந்து நின்றன. சிரிப்பார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். டீச்சர் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை எனக்கு நேராக இழுத்துப் போடச் சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "உக்காந்து எந்திரிங்க தம்பி. எட்டுல விட்டிருக்கீங்க, நான் ஒன்பதுலேர்ந்து எண்ணறேன்."

இப்போது எங்கள் ஜிம்மில் பதினைந்து என்றால் பதினைந்துதான், ஏனென்றால் வாரத்தில் மூன்று நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணுகிறவர் டீச்சர், நான் எண்ணப்படுகிறவன்.