நீலத்துக்கு எழாத கை

என் இரண்டு காதுகளும் இட்லி மாதிரி வீங்கிக் கெட்டிப்பட்டுப் போனவை. தாம்பரம் மின்சார ரயிலில் எதிரே உட்காருகிறவர்கள் முதலில் காதைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் முகத்தை. மல்யுத்தத்தில் வந்தது என்று சொன்னால் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அந்த மரியாதையை நான் பல வருஷம் கூச்சமே இல்லாமல் அனுபவித்தேன். கூச்சம் பிறகு வந்தது, மொத்தமாக வந்தது.

எண்பதுகளில் நான் கிரேக்க-ரோமன் மல்யுத்தத்தில் மாநில சாம்பியன். அந்தப் பாணியில் எதிராளியை இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது, உன் காலால் அவனைத் தட்டவும் கூடாது. மார்பும் கையும்தான் எல்லாம். "கிரேக்கம், ரோமெல்லாம் எந்த பஸ்ல போவணும் மச்சான்?" என்று என் மனைவியின் அண்ணன் ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்பார். கேலி செய்தாலும், அந்தப் பதக்கங்களைக் காட்டித்தான் எனக்கு அரசாங்க வேலை கிடைத்தது என்று அவருக்கும் தெரியும். உடம்பு தளர்ந்ததும் சேலையூரில் ஒரு பள்ளிக்கூடக் கொட்டகையில் பயிற்சியாளர் ஆனேன். பிறகு நடுவர் தேர்வும் எழுதி, விசில் மாட்டிக்கொண்டேன்.

நடுவருக்கு இடது மணிக்கட்டில் சிவப்புப் பட்டை, வலது மணிக்கட்டில் நீலப் பட்டை. புள்ளி எடுத்தவர் எந்த நிற உடையோ, அந்த நிறக் கையைத் தூக்கி விரல்களைக் காட்ட வேண்டும். குழந்தைகூடச் செய்துவிடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மாநில அணித் தேர்வின் கடைசிப் போட்டியில், என்னால் அது முடியவில்லை.

அன்று நீல உடையில் நின்றவன் முடிச்சூர்க்காரன். நிலம் மனையாகிப் போன வீட்டுப் பிள்ளை. காலையில் மூட்டை தூக்கிவிட்டு மாலையில் பயிற்சிக்குப் போகிறவன். என்னிடம் படித்தவன் இல்லை, ஆனால் என்னைப் பார்த்துத்தான் மல்யுத்த மெத்தையில் இறங்கியதாக எல்லோரிடமும் சொல்வான். அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அவனுக்கு வேலை. அடுத்த வருஷம் என்றால் வயது தாண்டிவிடும். இது எனக்கும் தெரியும்.

கடைசி நிமிஷம், புள்ளிகள் சமம். அவன் எதிராளியை மார்போடு இறுக்கி, பின்பக்கம் வில்லாக வளைந்து, தலைக்கு மேலே எறிந்தான். அப்படி ஒரு சுத்தமான எறிதலை நான் சாம்பியனாக இருந்த காலத்தில்கூட எறிந்ததில்லை. அவனும் எதிராளியும் என் இடப்பக்கம் வந்து விழுந்தார்கள். இடப்பக்கம் ஜெயித்தவனுக்காக என் இடக்கை எழுந்தது. இடக்கை சிவப்பு.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கினது குற்றமில்லை. கையை இறக்கி மறு கையைத் தூக்க ஒரு நொடி போதும், விதியிலும் அதற்கு இடம் உண்டு. ஆனால் "நமது முன்னாள் சாம்பியன்" என்று மைக்கில் என்னை அறிமுகப்படுத்திப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை; தூக்கின கையை நான் இறக்கவில்லை. மெத்தை ஓரத்தில் இருந்த துணை நடுவர் என் பழைய சிஷ்யர். அவர் மெத்தையைப் பார்க்காமல் என் கையைப் பார்த்துச் சிவப்புக்குப் புள்ளி காட்டும் அட்டையைத் தூக்கினார். தலைமை நடுவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் ஒத்துப்போனால் மூன்றாமவர் டம்ளரைக் கீழே வைக்க வேண்டியதில்லை.

அவனுடைய கோச் மேஜைக்கு ஓடிவந்தார். "இன்னா சார் இது? எறிஞ்சது நீலம், புள்ளி சிவப்புக்கா?"

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாதே எனக்கு. "கால் போட்டான். எறிஞ்சது செல்லாது, புள்ளி எதிராளிக்கு," என்றேன். "நான் பார்த்தேன்."

நான் எதையும் பார்க்கவில்லை. அவன் கால்கள் இரண்டும் தரையில் ஊன்றியே இருந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், மூன்று பேர் கையெழுத்துப் போட்டு அதைச் சாப்பிட்டோம். அவன் குனிந்து தன் வலது காலைப் பார்த்தான். பிறகு வழக்கப்படி எனக்குக் கைகொடுத்துவிட்டு இறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு எனக்குக் கறாரான நடுவர் என்று பெயர். புதிய நடுவர்களுக்கு வகுப்பெடுத்தேன். தவறு செய்தால் உடனே கையை மாற்று, அதில் அவமானமில்லை என்று அதே வாயால் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

தொண்ணூறுகள் முடிகிற சமயம், சிட்லபாக்கத்து வீட்டில் மாடியறை கட்ட சிமெண்ட் வாங்க முடிச்சூர் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவன் என் காதைப் பார்த்து, "சார்!" என்று ஓடிவந்தான். அவன்தான். நான்கு வார்த்தை திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். அவன் கடைக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணா, சார் யாருன்னு தெரியுமா? அந்தக் காலத்து சாம்பியன்," என்று பெருமையடித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"சார், ரொம்ப நாளா உங்களாண்ட சொல்லணும்னு இருந்தேன். அன்னிக்கு எங்க கோச்சு உங்கள கத்திட்டாரு, மனசுல வெச்சுக்காதீங்க. தப்பு என்னுதுதான். கால் பட்டுக்கீது, எனக்கே தெரியல. அதுக்கப்புறம் மேட்ல எறங்குனாலே என் கால் எங்க போவுதுன்னு அதையே பார்த்துகினு இருப்பேன். கீழயே பார்த்துகினு இருந்தா எப்படி சார் எறியறது? வுட்டுட்டேன்."

சொல்லியிருக்கலாம். உன் கால் படவில்லை, கை மாறிப்போனது எனக்கு என்று ஆறு சொல்தான். வாய்கூடத் திறந்தது. கடைக்காரர் எனக்காக நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லப்பா," என்றேன். "நான் அதெல்லாம் மனசுல வெச்சுக்கல."

அவன் முகம் மலர்ந்தது. சாருக்கு நான்தான் ஏத்துவேன் என்று மூட்டைகளை வேறு யாரையும் தொடவிடாமல் தானே வண்டியில் ஏற்றினான். அவனை மன்னித்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தேன்.