சோடா விளம்பரத்து ராகம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நான் ஒரு பாட்டுக்கு ராகம் போட்டேன். அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை. அந்த ஒன்றுக்கே எங்கள் கிறிஸ்தவ சபையில் பரிசு கொடுத்தார்கள். ராகம் என்னுடையது இல்லை என்பதை இத்தனை வருஷம் கழித்து ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அன்றைக்கே ஒத்துக்கொள்ளாமல் போனதில்தான் வருத்தம்.

எங்கள் ஊர் இராஜாக்கமங்கலத்துக்குப் போகிற வழியில், வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவில் இருக்கிறது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் அம்மா, அண்ணன், நான். அந்த வருஷம் மட்டும் கூடுதலாக மாமா இருந்தார், அம்மாவின் தம்பி. கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை பார்த்தவர். விடியுமுன் தொடங்கும் வேலை மதியத்தோடு முடிந்துவிடும். மிச்சம் கிடந்த சாயங்காலங்கள்தான் தம்பியைக் கெடுத்தன என்று அம்மா சொல்வாள். மாமி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒரு சொட்டுத் தொடாமல் இருந்தால் திரும்பி வருகிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தாள். அதனால் அம்மா தம்பியைக் கூட்டிவந்து தன் கண்ணெதிரிலேயே வைத்துக்கொண்டாள். பக்கத்து மர மில்லில் அப்பா அவருக்கு ஒரு வேலையும் பார்த்துக் கொடுத்தார்.

எங்களிடம் மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு மாமியும் பாப்பாவும் வருவார்கள் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். என்னுடைய பழைய கிலுகிலுப்பையைச் சோப்புப் போட்டுக் கழுவி எடுத்து வைத்திருந்தேன்.

அண்ணனுக்குக் கிரிக்கெட் பைத்தியம். மேட்ச் என்றால் மாமாவும் எங்களோடு வந்து உட்கார்ந்துவிடுவார். ஆனால் ஓவர் முடிந்து விளம்பரம் வந்ததுமே எழுந்துபோய் டிவியின் முன்னால் நின்றுகொள்வார். கேபிள் ஒயர் லூசாக இருக்கிறதாம். இடுப்பில் ஒரு கை, டிவியின் பின்னால் ஒரு கை. எல்லா விளம்பரத்துக்கும் எழமாட்டார். சோப்பும் பைக்கும் வந்தால் சும்மா இருப்பார். ஒரு சோடா விளம்பரம் வரும்போதுதான் ஒயர் லூசாகும். அது முடிந்ததும் ஒயரும் சரியாகிவிடும். மாமாவுக்கு கேபிள் வேலை இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று நானும் அண்ணனும் நம்பினோம். சில நேரம் அடுத்த ஓவரின் முதல் பந்து அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அண்ணன் கத்துவான்.

மதுவுக்கு டிவியில் விளம்பரம் செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதனால் அதே பெயரில், அதே எழுத்தில், சோடா என்று சொல்லிக் காட்டுவார்கள். சோடா என்ற வார்த்தை மட்டும் கீழே எறும்பு ஊர்கிற அளவில் இருக்கும். எனக்கு அது சோடாதான். கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டு வயிறு உப்பினால் அப்பா வாங்கிக் குடிக்கிற சோடாவுக்கு இவ்வளவு ஆட்டமும் பாட்டமும் எதற்கு என்று யோசித்திருக்கிறேன். படத்தை நான் முழுதாகப் பார்த்ததே இல்லை, மாமா விடவில்லை. ஆனால் முதுகால் படத்தைத்தான் மறைக்க முடியும். பாட்டு தினமும் பத்து தடவையாவது என் காதில் விழுந்தது. இரண்டு வரி, இரண்டு கைதட்டல், அப்புறம் எல்லோரும் சேர்ந்து கம்பெனியின் பெயரைக் கத்துவார்கள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர்களுக்கு ஓசியில் இன்னொரு விளம்பரம் எதற்கு?

அக்டோபரில் எங்கள் சபையில் மதுவிலக்கு ஊர்வலம் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பைபிள் படிக்கிற ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் பாடிக்கொண்டு போக வேண்டும். ஆளுக்கொரு பாட்டு எழுதி வாருங்கள், நல்லதை எடுத்துக்கொள்வோம் என்று அந்தப் பள்ளியை நடத்திய சார் சொல்லிவிட்டார். சார் ரொம்பக் கண்டிப்பானவர், வீட்டில் டிவியே கிடையாது. நான் இரண்டு வரி எழுதினேன். அப்பா கையில் அரிசி வேணும், பாட்டில்? வேண்டாம். அம்மா முகத்தில் சிரிப்பு வேணும், சண்டை? வேண்டாம். எழுதி முடித்தபோது ராகம் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. பாட்டில் என்றதும் இரண்டு கைதட்டல், பெயர் வருகிற இடத்தில் வேண்டாம். சார் கேட்டுவிட்டு மெச்சித் தலையை ஆட்டினார்.

“கொள்ளாமே பிள்ளே! ராகம் யாரு சொல்லித் தந்தா?”

“நானே போட்டேன் சார்.”

பின்பெஞ்சில் இருந்த பெரிய பையன்கள் சிரித்தார்கள். பொறாமை என்று நினைத்தேன். பெரியவர்களில் ஒருவருக்கும் அந்த ராகம் எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை. குடியை வெறுத்த எங்கள் சபைப் பெரியவர்கள் அதே மும்முரத்தோடு டிவியையும் வெறுத்ததால் வந்த வினை அது.

எங்கள் வீட்டிலும் அப்பாவும் அம்மாவும் மேட்ச் பக்கமே வரமாட்டார்கள். தெரிந்த பெரியவர் மாமா ஒருவர்தான். நான் கிணற்றடியில் நின்று பாடிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மில்லிலிருந்து வந்தவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

“மக்கா, வேற ராகம் ஒண்ணும் இல்லியா?”

“இது கொள்ளாதா மாமா?”

என் முகம் எப்படிப் போயிற்றோ. “கொள்ளாம் மக்கா, நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு, ஒரு வாளி தண்ணீர் இறைத்து முகத்தைக் கழுவினார். கழுவி முடித்துவிட்டு மறுபடியும் கழுவினார். அதற்குப் பிறகு நான் பாடினால் அவர் வெளியே போய்விடுவார். என் பாட்டை மதிக்காத ஒரே ஆள் என்று மாமாமேல் எனக்குக் கோபம்கூட இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஊர்வலம் புறப்பட்டது. குடியை விட்டவர் முன்னால் வந்தால்தான் சாட்சியாக இருக்கும் என்று சார் மாமாவிடம் பேனரின் ஒரு கம்பைக் கொடுத்திருந்தார். மாமா வெள்ளை வேட்டியும் சட்டையுமாக வந்தார். அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்தது. அவள் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைக் கல்யாண வீட்டில்கூட நான் பார்த்ததில்லை.

ஜங்ஷனில் சாராயக் கடை இருக்கிறது. அதன் எதிரே நின்று பாட வேண்டும் என்று திட்டம். நின்றோம். அப்பா கையில் அரிசி வேணும், பாட்டில் என்று கேட்டு இரண்டு தட்டுத் தட்டினோம். நாங்கள் வேண்டாம் என்று வாயைத் திறப்பதற்குள் கடை வாசலில் நின்ற இருபது முப்பது பேரும் ஒரே குரலில் கம்பெனியின் பெயரைக் கத்தினார்கள். அவர்கள் கேலி செய்யவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. அந்த ராகத்துக்கு அங்கே அந்தப் பெயர்தான் வரும், வாய் தானாகச் சொல்லிவிட்டது. இரண்டாவது வரிக்கும் கத்தினார்கள். ஒருவர் துண்டைச் சுழற்றி ஆடினார். சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அவர்கள் மனம் திரும்பி எங்களோடு சேர்ந்து பாடுகிறார்கள் என்று நினைத்து, இன்னொரு தடவை என்று கையைக் காட்டினார். இன்னொரு தடவை பாடினோம். அப்புறம் இன்னும் ஒரு தடவை.

மூன்றாவது தடவை பாடும்போது பேனர் ஒரு பக்கம் சரிந்தது. திரும்பிப் பார்த்தேன். மாமா கம்பை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு ரோட்டைக் கடந்து போய்க்கொண்டிருந்தார். அந்த ஆட்களோடு சண்டை பிடிக்கத்தான் போகிறார் என்று நினைத்து நான் இன்னும் சத்தமாகப் பாடினேன். அவர் கூட்டத்துக்குள் போனார். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. ஊர்வலம் சபைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டது.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் எனக்கு ஒரு சில்வர் டிபன் பாக்ஸ் பரிசாகக் கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். அம்மா ஆராதனைக்கு வரவில்லை. அடுப்படியில் நின்றிருந்தாள், கண் வீங்கியிருந்தது. டிபன் பாக்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“ஏட்டி, அந்தப் பாட்டு...” என்று தொடங்கினாள்.

“அக்கா” என்று உள்ளறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது. “அவகிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம். பச்சப் பிள்ளை.”

அம்மா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமாவுக்கு உடம்பு மறுபடியும் சரியில்லை போலிருக்கிறது என்று மட்டும் நினைத்தேன். உள்ளே போனேன். அறையில் புளித்த வாடை. மாமா பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். டிபன் பாக்ஸை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். எழுந்து உட்கார்ந்து, அதை வாங்கி மூடியைத் திறந்து மூடினார்.

“இதுக்குப் பரிசு தந்தாங்களா? எங்க, ஒருக்கா படி பாப்போம்.”

பாடினேன். அப்பா கையில் அரிசி வேணும், பாட்டில்? இரண்டு தட்டுத் தட்டினேன். வேண்டாம் என்றார் மாமா. குரல் கரகரவென்று வந்தது. அடுத்த வரிக்கும் அவரே சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, மடியில் இருந்த டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மாமாவுக்கும் என் பாட்டுப் பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு மாமி வரவில்லை. கிலுகிலுப்பையை அம்மா பரணில் போட்டுவிட்டாள். அதற்கு அடுத்த வருஷம் ஈஸ்டருக்குத்தான் மாமி வந்தாள். அப்போது பாப்பா நடக்கத் தொடங்கியிருந்தது, கிலுகிலுப்பை வேண்டியிருக்கவில்லை. இவ்வளவுக்கும் என் பாட்டுதான் காரணம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. அம்மா சொன்னது எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகு. அதுவும் மாமா காதில் விழாமல்.

போன வாரம் என் மகள் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒன்பது வயது. இப்போது சோடா இல்லை, குடிதண்ணீர் பாட்டில் என்று காட்டுகிறார்கள். பாட்டும் வேறு. பெயர் மட்டும் அதேதான். நான் யோசிக்கவே இல்லை, எழுந்துபோய் டிவியின் முன்னால் நின்றுவிட்டேன். ஒயர் லூசாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். அங்கே நின்ற பிறகுதான் கவனித்தேன். மகளுக்குத் தெரிந்தது என் முதுகு. எனக்கு நேர் எதிரே, மூக்கில் இடிக்கிற தூரத்தில், ஐஸ் போட்ட கண்ணாடித் தம்ளர். அதன் வெளிப்பக்கம் நீர் முத்து முத்தாக இறங்கிக்கொண்டிருந்தது.

மாமா இதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார், ஒவ்வொரு மேட்சிலும், விளம்பரம் முடிகிற வரைக்கும். நாங்கள் பின்னால் உட்கார்ந்துகொண்டு, மாமா தள்ளி நில்லுங்க, ஒண்ணும் தெரியல்ல என்று கத்திக்கொண்டிருந்தோம்.