மூன்று சிரட்டைக் கத்தரிக்கன்று

பிள்ளைகளே, இதை உங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஆனால் கேட்டது நடுவிலாள். "மூண்டு பேரிலை என்னை மட்டும் ஏன் மாமி வீட்டுக்கு அனுப்பினீங்கள்?" என்று போன பொங்கலன்று குசினி வாசலில் நின்று கேட்டாய், மகள். எனக்கு வாயால் சொல்ல ஏலாமல் போய்விட்டது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

அது பாண் வாங்க பேக்கரி வாசலில் வரிசையில் நின்ற காலம். செத்தல் மிளகாயைக் கடையில் கண்ணாலும் காண ஏலாது. நான் துறைமுகத்தில் மூட்டை சுமந்தேன். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. அந்த மாரி முழுக்க எங்கள் பக்கம் கப்பல் வரவில்லை. அம்மா மரவள்ளிக்கிழங்கை அவித்து உங்களுக்குப் போட்டுவிட்டு, பானையில் ஒட்டியதைச் சுரண்டித் தின்பாள். கடைக்குட்டி அப்போது பால்குடி. அம்மாவிடம் பால் இல்லை. அவன் அழுகிற சத்தம் வரவர மெல்லிசாகிக்கொண்டு போனது. உரத்து அழுதால் எனக்கு ஆறுதலாக இருக்கும்.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் ஈச்சிலம்பற்றிலிருந்து மாமி வந்தா. என்னுடைய அக்கா. அவவுக்குப் பிள்ளை இல்லை, வயல் இருக்கிறது. கொண்டுவந்த அரிசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, உங்களை ஒவ்வொருவராய்ப் பார்த்தா. பிறகு என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டா.

"தம்பி, நடுவிலாளை என்னட்டைத் தா. வயிறாரச் சோறு போட்டு வளர்ப்பன்."

"பிள்ளை என்ன பூனைக்குட்டியோ, அக்கா, தூக்கித் தர?"

"பூனைக்குட்டி எண்டால் எலியாவது பிடிச்சுத் தின்னும்."

மாசி முடியும்வரை தவணை கேட்டேன். வீட்டுக்குப் பின்னால் கிடந்த வளவில் கத்தரியும் மிளகாயும் வைத்து, தின்றது போக மிச்சத்தைச் சந்தைக்குக் கொடுத்தால் மூன்று பிள்ளைகளையும் நானே பார்ப்பேன் என்றேன். மாமி யோசித்துவிட்டுச் சொன்னா: "சரி. மாசி முடிய வருவன். நாற்று நிண்டால் பிள்ளை உன்னோடை. இல்லாட்டி என்னோடை."

மாசியை நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் கிணறு கடலுக்குக் கிட்ட. மாரி முடிந்து இரண்டு மூன்று மாதம் நல்ல தண்ணீர். சித்திரை பிறந்தால் கரிக்கத் தொடங்கும். அதற்குள் கன்று வேர் ஓடி நிற்கவேண்டும்.

விதை தந்தவர் குறிஞ்சாக்கேணியிலிருந்து மரக்கறி கொண்டுவரும் ஒரு முஸ்லிம் வியாபாரி, காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய சாக்குகளை நான் துறையிலிருந்து சந்தைக்குச் சுமப்பேன். இரண்டு பேப்பர்ச் சுருளைக் கையில் வைத்தார், ஒன்று கத்தரி, ஒன்று மிளகாய்.

"மழ விட்டிட்டு, இப்பவே போடுங்க தம்பி. எறும்புதான் சனியன், விதையத் தூக்கிட்டுப் போயிரும். மேலால சாம்பல் தூவி விடுங்க."

"இவ்வளவுதானோ காக்கா விதை?"

"இது காணாதா? என்ன, கப்பல்ல ஏத்தப் போறீங்களா?"

நான் மண்ணைக் கொத்தி, அரித்து, பாத்தி கட்டினேன். இரண்டு சுருளையும் முழுக்கக் கொட்டி விதைத்தேன், ஒரு விதை மிச்சம் வைக்கவில்லை. காக்கா தூவச் சொன்ன சாம்பலை நான் விரல்கனத்துக்குப் பரப்பினேன். ஒரு எறும்பும் வரக்கூடாது என்ற வெறி எனக்கு.

நீ அப்போது பக்கத்தில் குந்தியிருந்தாய், மகள். ஐந்து வயது. எனக்கும் விதை வேணும் என்று அழுதாய். நான் ஏசினேன். அம்மாதான் கத்தரிச் சுருளின் மடிப்பில் ஒட்டியிருந்ததைத் தட்டித் தந்தாள். நீ மூன்று தேங்காய்ச் சிரட்டையில் முருங்கையடி மண்ணை நிரப்பி அதைப் போட்டாய். பிறகு சாம்பலுக்குக் கை நீட்டினாய். "வீணாக்காதை!" என்று கையில் அடித்துவிட்டேன். நீ சிரட்டைகளைத் தூக்கிக்கொண்டு போனாய். எங்கே வைத்தாய் என்றுகூட நான் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் பாத்தி முளைத்தது. தலை வளைந்து, பச்சை நூல் மாதிரி. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கனநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

நாலு நாளில் நுனி கருகத் தொடங்கியது. முதலில் ஓரம், பிறகு நடு. எறும்பு கடித்துவிட்டது என்று நினைத்து இன்னும் சாம்பல் போட்டேன். அடுத்த நாள் இன்னும் கூடக் கருகியது. திரும்பவும் போட்டேன். காலையும் பின்னேரமும் தண்ணீர் தெளித்தேன். பாத்தியின் முன்னால் குந்தியிருந்து, சாகாதே, சாகாதே என்று வாய்விட்டுச் சொன்னேன். உங்கள் அண்ணன் அதைக் கேட்டுப் பயந்து அம்மாவிடம் ஓடினான்.

அம்மா வந்தாள். பாத்தியில் ஒரு நுள்ளுச் சாம்பல் எடுத்து நாக்கில் வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, இது உப்பு."

"என்ன கதை இது? அடுப்புச் சாம்பல் எப்படி உப்பாகும்?"

"அடுப்பிலை என்னத்தை எரிக்கிறம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விறகு வாங்க வழியில்லாமல், கப்பல்களிலிருந்து விழுந்து கரையொதுங்கிய பலகைகளை நான் சுமந்துவந்து எரிக்கத் தந்தனான். மாதக்கணக்காய்க் கடலில் ஊறிய பலகை. எரியும்போது நெருப்பு நீலமும் பச்சையுமாய் வரும். நீங்கள் மூன்று பேரும் அடுப்படியில் இருந்து அதை வேடிக்கை பார்ப்பீர்கள். காக்காவின் ஊரில் சாம்பல் காட்டு விறகுச் சாம்பல். எங்கள் அடுப்பில் இருந்தது கடல். அதைத்தான் நான் விரல்கனத்துக்குப் போட்டு, மேலே மேலே போட்டு, தண்ணீர் ஊற்றி வேருக்கு இறக்கியிருக்கிறேன்.

சந்தைக்கு ஓடினேன். காக்கா முதலில் சிரித்தார். "கப்பல எரிச்சுக் கத்தரிக்குப் போட்ட ஆள் நீங்கதான்!" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "விதை இல்ல தம்பி. எல்லாத்தையும் நானும் போட்டுட்டன். இனிப் போட்டாலும் வெயில் விடாது." இரண்டு கட்டுக் கீரையை என் இடுப்புச் சாரத்து மடியில் திணித்தார். அதைக் கொண்டு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை.

மாசி முடிய மாமி வந்தா. வெறும் பாத்தியைப் பார்த்தா. அம்மா உன் தலையை வாரி, இருந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுவிட்டாள். அப்போதுதான் நீ கிணற்றுக் கட்டுக்குப் பின்னாலிருந்து மூன்று சிரட்டையையும் தூக்கிக்கொண்டு வந்தாய். சிரட்டைக்கு ஒன்றாய் மூன்று கத்தரிக்கன்று, நாலு இலை விட்டு, தண்டு தடித்து நின்றது. சாம்பல் படாத கன்றுகள்.

"அப்பா, நான் இதையும் கொண்டு போறன்."

மகள், இதைத்தான் என்னால் வாயால் சொல்ல ஏலவில்லை. லாஞ்சில் குடாக்கடலைக் கடந்து மூதூருக்கும், பிறகு பஸ்ஸிலும் அதைக் கொண்டுபோயிருக்கலாம். ஒரு ஓலைக் கடகத்துக்குள் வைத்தால் ஒன்றும் ஆகாது. நான் சொன்னேன்: "கடல் காத்துப் பட்டால் செத்துப்போயிடும். இஞ்சை நிக்கட்டும்." பொய். உன் கையிலிருந்து ஒவ்வொன்றாய் வாங்கினேன். உன்னை அனுப்பிவிட்டு உன் கன்றுகளை வைத்துக்கொண்டேன்.

ஏன் நீ என்று கேட்டாய். அண்ணன் தண்ணீர் அள்ள வேணும், தம்பி தாயை விட்டால் செத்துப்போவான். நீ மட்டும்தான் அழாமல் போகக்கூடிய பிள்ளை என்று நினைத்தோம். நீ அழவும் இல்லை. லாஞ்சு விட்ட பிறகும் என்னைப் பார்த்து, "தண்ணி ஊத்துங்கோ" என்று கத்தினாய்.

ஊற்றினேன். கன்றுகள் காய்த்தன. வைகாசியில் ஆறு கத்தரிக்காயைப் பையில் போட்டுக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தனான். உனக்குக் கன்னத்தில் சதை வைத்திருந்தது. மாமி என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டினா. வேறு மூன்று சிரட்டை, மண் மட்டும், ஈரமாய்.

"ஒவ்வொரு நாளும் தண்ணி ஊத்துறாள். நான் விதை தாறன் எண்டால் வேண்டாமாம். அப்பா கொண்டு வருவாராம், தன்ரை கத்தரியின்ரை விதை."

நான் கொண்டுபோனது கறிக்குப் பிடுங்கிய பிஞ்சுக் காய். அதில் ஏது விதை? நீ பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்தமுறை கொண்டு வாங்கோ" என்றாய்.

வீட்டுக்கு வந்து ஒரு காயைப் பிடுங்காமல் விட்டேன், பழுக்கட்டும் என்று. அண்ணன் கேட்டும் அம்மா அதில் கைவைக்க விடவில்லை. ஆனால் கிணறு அதற்குள் நன்றாய்க் கரித்துவிட்டது. நல்ல தண்ணீர் தெருக்குழாயில் குடிக்க மட்டும்தான். அதிலும் ஒரு செம்பு கொண்டுவந்து அந்தக் கன்றுக்கு ஊற்றிப் பார்த்தேன். காய் மஞ்சளாகமுன் கன்று பட்டுப்போனது. காயைப் பிளந்தேன். உள்ளே வெள்ளைச் சதையும் முற்றாத பால்விதையும்.

அதற்குப் பிறகு ஒரு வருசம் நான் உன்னைப் பார்க்க வரவில்லை. அப்பா மறந்துவிட்டார் என்று நீ மாமியிடம் சொன்னாயாம். மறக்கவில்லை, மகள். இரண்டு தரம் மூதூர் லாஞ்சு விடுகிற துறைவரை வந்தனான். விதை இல்லாமல் அதில் ஏற முடியவில்லை.