இரண்டும் நல்ல ராம், சேர்த்தால்தான் தகராறு!

இன்று சாலைக் கடைத்தெருவில், ஒரு கம்ப்யூட்டர் கடைக் கவுண்டரில், என் வீட்டு சிபியுவைத் தூக்கி 'டங்' என்று வைத்தேன்!

கடைக்காரர் தன் மலையாளம் கலந்த தமிழில் பதறிப்போனார். "சேச்சி, மெல்ல! கண்ணாடி பொட்டிப்போகும்!"

"பொட்டட்டும். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாக்காம நான் போகப்போறதில்ல."

(ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்த கால்வலியும் சேர்ந்து பேசியது!)

நடந்ததைச் சொல்கிறேன்.

ஸ்ரீவராகத்தில் வீட்டிலேயே எம்ப்ராய்டரி மிஷின் வைத்திருக்கிறேன். கல்யாண பிளவுஸ்களுக்கு டிசைன் போட்டுத் தைத்துக் கொடுப்பதுதான் என் தொழில்.

டிசைன் போடும் சாஃப்ட்வேர் என் பழைய டெஸ்க்டாப்பில் மட்டும்தான் திறக்கும். வேறு கம்ப்யூட்டருக்கு மாற்ற வழியே கிடையாது.

வித்துராவிலிருந்து ஆதிரா என்று ஒரு கல்யாணப் பெண். முதுகு முழுக்க அன்னமும் தாமரைக்கொடியும் வேண்டும் என்றாள். அவ்வளவு பெரிய டிசைனைத் திறந்ததும் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறியது. இருந்தது நாலு ஜிபி ராம்தான்.

சரி, இன்னொரு ராம் போடலாம் என்று இந்தக் கடையில் கேட்டேன். பழைய ராமின் ஃபோட்டோ, அதை மாட்டும் மதர்போர்டின் மாடல், எல்லாம் முன்கூட்டியே அனுப்பினேன்.

"இது மதி, சேச்சி, இதுவே போதும். கண்ணை மூடிட்டுப் போடலாம்" என்று ஒரு எட்டு ஜிபி கொடுத்தார்.

போட்டேன். கம்ப்யூட்டர் பறந்தது!

அரை நாள்தான். அப்புறம் நீலத் திரை. மறுபடி போட்டால், மறுபடி நீலத் திரை.

அதைவிட மோசம், நடுவில் சேவ் பண்ணிய டிசைனே கெட்டுப்போயிருந்தது. அன்னத்தின் கழுத்திலிருந்து ஊசி திடீரென்று தாமரைக்குள் குறுக்கே ஓடியது!

எப்போதும் முதலில் காடாத் துணியில் ஓட்டிப் பார்ப்பேன். அதனால் ஆதிராவின் பட்டு தப்பியது. இல்லாவிட்டால் அந்தப் பெண் முகத்தில் எப்படி விழிப்பேன்?

கடைக்கு ஃபோன் போட்டேன்.

"அது போர்டு போயாச்சு சேச்சி. பழசாக்கும். தூக்கிப் போட்டுட்டுப் புது சிஸ்டம் எடுங்க, கேட்டோ."

வீட்டுக்காரரும் ஒத்து ஊதினார். "அவர் சொல்றதும் சரிதானே? இன்னும் எத்தனை நாள் இதைக் கட்டிண்டு அழறது?"

"இது போச்சுன்னா என் தொழிலும் போச்சு. உங்க ஆபீஸை மூடிட்டு வாங்கோன்னா வந்துடுவேளா?"

அதன்பிறகு மனிதர் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

நேற்று முழுக்க இதே வேலை. யூட்யூப் பார்த்து மெமரி டெஸ்ட்டை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டேன். ராமின் பித்தளை நிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்துச் சுத்தம் பண்ணினேன். கழற்றி, மாட்டி, ஓட்டி, மறுபடி கழற்றி...

பழைய ராம் மட்டும் போட்டால், சுத்தம். புதியது மட்டும் போட்டால், அதுவும் சுத்தம். இரண்டையும் சேர்த்துப் போட்டால், திரை முழுக்கச் சிவப்பு எரர்!

(பத்துப் பொருத்தம் பார்க்காமல் முடித்த சம்பந்தம் போல!)

இதைத்தான் இன்று கவுண்டரில் சொன்னேன். அவர் கேட்கவில்லை. புது ராமை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் போட்டு டெஸ்ட் ஓட்டினார். ஒரு எரர் இல்லை.

"கண்டோ? ராம் நல்லதாக்கும். உங்க போர்டுதான் கம்ப்ளெயின்ட்."

"போர்டு கம்ப்ளெயின்ட்னா, ஒவ்வொண்ணா போடும்போதும் எரர் வரணுமே? ஏன் வரல?"

ஒரு நிமிஷம் யோசித்தார். "ராம் மாட்டற ரெண்டாவது ஸ்லாட் போயிருக்கும்."

"அப்ப பழைய ராமை அந்த ஸ்லாட்ல மட்டும் போடுங்க. நான் இருக்கேன்."

இருந்தேன். ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே இருந்தேன்! வருகிற போகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்!

வீட்டுக்காரர் ஃபோன். "அங்கேயே குடி போயிட்டியா?"

"ஆமா. சாப்பாடு நீங்களே போட்டுண்டு சாப்பிடுங்கோ."

டெஸ்ட் முடிந்தது. இரண்டாவது ஸ்லாட்டும் சுத்தம்!

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் விடவில்லை.

"உங்க ராமும் நல்லது, என் போர்டும் நல்லது. ஆனா இந்த ரெண்டு ராமும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. ஃபோட்டோ அனுப்பினேன் அல்லே? அதைப் பாத்துட்டுக் கொடுத்திருந்தா இந்தக் கஷ்டம் உண்டா?"

"...ஃபோட்டோ நான் சரிக்குப் பாக்கல, சேச்சி."

அப்பாடா! உண்மை வந்தது.

உள்ளே போய் ஒரு பெட்டியைக் குடைந்து, ஒரே கம்பெனி, ஒரே ஸ்பீடில் ஜோடியாக இரண்டு ராம் எடுத்து வந்தார். பழையதைக் கழற்றிவிட்டு அந்த ஜோடியை மாட்டினார். என் சிபியுவில், என் கண் முன்னால், முழு டெஸ்ட். ஒரு சிவப்பு வரி இல்லை!

வீட்டுக்கு வந்து கெட்ட பகுதியைத் திருத்தி, காடாத் துணியில் ஓட்டினேன். அன்னத்தின் கழுத்து வளைந்து இறங்கிய அழகைப் பார்க்க வேண்டுமே! ஃபோட்டோ அனுப்பியதும் ஆதிரா கூப்பிட்டே விட்டாள். "ஆன்ட்டி, அடிபொளி! பட்டுல ஓட்டிக்கோங்க!"

'போர்டு போச்சு, தூக்கிப் போடு' என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருக்கிறார்களா? டெஸ்ட் பண்ணிப் பார்த்தீர்களா, தூக்கிப் போட்டுவிட்டீர்களா?

இதை டைப் பண்ணிக்கொண்டிருக்கும்போதே கடைக்காரரின் ஃபோன்.

"சிஸ்டம் ஓகே அல்லே, சேச்சி? இனி நீங்க வேற கடைக்குத்தான் போவீங்க, இல்லியா?"

"ஏன் போகணும்? உங்க கடைக்குத்தான் வருவேன். அடுத்தது ஹார்ட் டிஸ்க் மாத்தணும். அதையும் உங்க கவுண்டர்ல வச்சுத்தான் டெஸ்ட் பண்ணுவேன்!"



"சேச்சி... நீங்க சிரமப்படண்டா. நானே வீட்டுக்கு வந்து மாட்டித் தந்துடறேன்!"