அப்படியே செய்தவள்

சங்கமித்ராவுக்கு நடத்தை ஆய்வாளர் சான்றிதழ் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் காக்ஸ் டவுனில் அவள் வேலை பார்த்த சிகிச்சை மையம், சிந்து என்ற பயிற்சிப் பெண்ணை அவள் தலையில் கட்டிவிட்டது. பேச்சு வராத, அடம் பிடிக்கிற குழந்தைகளோடு உட்கார்ந்து ஒவ்வொரு பழக்கமாகச் சொல்லிக்கொடுப்பதில் சங்கமித்ராவை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அந்த வேலையை இன்னொருத்திக்குக் கற்றுக்கொடு என்றதும் அம்மணிக்கு வார்த்தையே வரவில்லை.

"நான் பண்றத பாத்துக்கோ சிந்து. அப்படியே பண்ணு, சாக்கு" என்றாள், போதும் என்பதைக் கன்னடத்தில்.

தர்மபுரியிலிருந்து வந்திருந்த சிந்து அப்படியே செய்தாள். மேற்பார்வைத் தாளில், அவள் சரியாகச் செய்ய வேண்டியவை இருபது வரிகள். முதல் வாரம் பதினொன்றுக்கு டிக் விழுந்தது. ஐந்தாம் வாரம் இருபதுக்கும். சங்கமித்ராவுக்குத் தலைகால் புரியவில்லை. தன்னைப் போலச் செய்யும்போதெல்லாம் "சூப்பர்!" என்று பாராட்டினாள். எதைப் பாராட்டுகிறோமோ அது வளரும் என்பது அவள் தொழிலின் பாலபாடம். அது குழந்தைகளுக்கு மட்டும்தான் என்று நினைத்தாளோ என்னவோ!

ஸ்கூட்டரில் விழுந்ததிலிருந்து சங்கமித்ரா வலது காலைச் சற்று இழுத்து நடப்பாள். ஒரு மதியம் நடைவழியில் அதே இழுப்புச் சத்தம் பின்னால் கேட்டது. திரும்பினால் சிந்து.

"காலுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லையே மேம்."

பொய் சொல்கிற முகமில்லை. தான் இழுத்து நடப்பது அவளுக்கே தெரியவில்லை. அடுத்த வாரம் ஒரு தாய் போனில் சிந்துவோடு ஐந்து நிமிடம் பேசிவிட்டு, "தேங்க்ஸ் சங்கமித்ரா மேம்" என்று வைத்தார். சிந்து திருத்தவும் இல்லை.

வெள்ளிக்கிழமை கடைசி மேற்பார்வை. சங்கமித்ரா கையெழுத்துப் போட்டால், சிந்து இனிக் குழந்தைகளோடு தனியாகவே இருப்பாள். சிகிச்சை அறைக்குள் சிந்துவோடு ஐந்து வயது அலர்மேல்மங்கை. ஒரு சொல்லும் பேசாதவள். உள்ளிருப்பவர்களுக்கு வெளியே தெரியாத கண்ணாடிக்கு இந்தப் பக்கம், இருட்டு அறையில், சங்கமித்ரா தாளோடு உட்கார்ந்திருந்தாள்.

மங்கை படஅட்டைகளைத் தள்ளிவிட்டு அழுதாள். வேலைக்குப் பயந்து அழுதால் முகம் கொடுக்கக் கூடாது. மங்கைக்கு அப்படித் திட்டம் எழுதியவளே சங்கமித்ராதான். சிந்து முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு லேசாகச் சிரித்தாள். அது சங்கமித்ராவின் சிரிப்பு. கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்த தன் முகம் சிந்துவின் முகத்தின்மேல் பிசகாமல் பொருந்தியிருந்தது. தானும் சிரித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. யார் முதலில் சிரித்தது?

மங்கை காதைப் பொத்தியபடி தலையை மேசையில் மோதினாள். ஒரு தரம். இன்னொரு தரம். சிந்து திரும்பவில்லை. சங்கமித்ராவும் எழவில்லை. அவள் கை, 'அழுகைக்கு முகம் கொடுக்கவில்லை' என்ற பதினெட்டாவது வரியில் டிக் போட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் கையைப் பார்த்ததும் தாளை வீசிவிட்டு உள்ளே ஓடிக் குழந்தையை வாரி எடுத்தாள். உடம்பு கொதித்தது. காதிலிருந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது.

தாய் வந்து பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப்போன பிறகு இருவரும் அந்தக் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை வாரங்களில் முதல்முறையாகச் சங்கமித்ரா அவள் மனதில் உள்ளதைக் கேட்டாள்.

"உனக்கு என்ன தோணுச்சு சிந்து?"

சிந்து சிதறிக் கிடந்த படஅட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். பேசியபோது, சங்கமித்ரா மறந்தே போயிருந்த தர்மபுரிக் குரல் வந்தது.

"காது வலின்னு புதன்கெழமையே தெரிஞ்சிச்சு மேம். அன்னைக்கும் காதப் பொத்திகினு அழுதுச்சு, நீங்களும் பாத்துகினுதான இருந்தீங்க? நோட்ஸ்ல நீங்க அத எழுதல. அதான் நானும் எழுதல."