அண்ணன் எனக்கு வச்ச பட்டன்

போன வருஷம் ஈப்போவுல, எங்க ப்ளாட் வீட்டுல நடந்தது இது. அண்ணனோட பதினாறாம் நாள் காரியத்துக்கு மொத நாள்.

அண்ணன் தஞ்சோங் மாலிம் பக்கம் கார் செய்யிற கிலாங்குல, அதான் பேக்டரியில, வேல செஞ்சான். வாரக் கடைசில பைக்குல வீட்டுக்கு வருவான். ஒரு வாட்டி வரல. அதப் பத்தி இதுக்கு மேல எழுத வரல எனக்கு.

பதினாறுக்கு, செத்தவங்களுக்குப் புடிச்சத எல்லாம் படத்துக்கு முன்னாடி வைப்போம். அம்மா சொன்னாங்க, "கோழிப் பெரட்டல் வைக்கிறோம், சரி. அந்த கேம் சாமானையும் வையி பாப்பா. பச்ச லைட்டு எரியணும்."

கன்ட்ரோலரத்தான் சொன்னாங்க. நானும் அண்ணனும் மாத்தி மாத்தி வெளாடுவோம். அவன் கையில இருந்தா நீலமா எரியும். எங்கிட்ட குடுக்குறப்ப கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டுவான், பச்சையாயிரும். அடுப்படியில இருந்து பச்ச தெரிஞ்சா, நாங்க சண்ட போடாம இருக்கோம்னு அம்மாவுக்கு நிம்மதி.

அவன் லேப்டாப்ப தொறந்தேன். அந்த கன்ட்ரோலர் சும்மா சொருவினா வேல செய்யாது. அத செஞ்ச கம்பெனியோட லாஞ்சர்னு ஒரு சாப்ட்வேர் லேப்டாப்புல ஓடணும். அது தானா அப்டேட் ஆச்சு, அப்புறம் அண்ணனோட அக்கவுண்ட வெளிய தள்ளிருச்சு. பாஸ்வேர்ட் கேட்டுச்சு, தெரியும், அம்மா பேருதான். அடுத்து போனுக்கு வர்ற கோட கேட்டுச்சு. அவன் போன் அவனோட சேந்து நொறுங்கிப் போச்சே. கன்ட்ரோலர் இருட்டா கெடந்துச்சு.

கன்ட்ரோலர எடுத்துகிட்டு, மாமா மவனையும் கூட்டிகிட்டு டவுன் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடக்காரரு சீனரு. அவரோட அக்கவுண்டுல போட்டுப் பாத்தாரு, எரிஞ்சிச்சு.

"புது அக்கவுண்ட் தொறந்துரு லா. பச்ச லைட்டுதானே வேணும்?"ன்னான் மச்சான். "வீட்டுல ஆயிரம் வேல கெடக்கு."

"ஒனக்கு எல்லாமே ஈசிதான் மச்சான்."

ஆனா எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. கடக்காரரும் கலர மாத்திட்டு, "டா சியாப், அடெக்"னு சிரிச்சுகிட்டே நீட்டினாரு. முடிஞ்சிருச்சு தங்கச்சின்னு.

அப்படியே பச்ச. எப்பவும் வெளாடுற கேம போட்டுப் பாத்தேன். ஆளு தாவ மாட்டேங்குறான். கன்ட்ரோலருக்குப் பின்னாடி இருக்குற பட்டன அமுக்குறேன், அமுக்குறேன், ஒண்ணும் ஆவல.

"பின்னாடி பட்டனுக்கு ஒரு வேலயும் இல்லியே, தாவுறதுக்கு மேல பட்டன்"னாரு கடக்காரரு. "பின்னாடி இருக்குறத யாராச்சும் செட் பண்ணினாத்தான் வேல செய்யும்."

மேல பட்டனுக்கு என் கட்டவிரல் போவல. மூணாம் பாரத்தோட ஸ்கூல விட்டுட்டு கையுறை கிலாங்குக்குப் போனேன், அங்க மிஷின்ல மாட்டினது. மடங்காது. ஆனா அண்ணங்கிட்ட வெளாடுறப்ப தாவினேனே, அவனையே தோக்கடிச்சேனே! தாவணும்னா பின்னாடி அமுக்குன்னு அவன்தான் சொல்லிக் குடுத்தான். எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன். "விரல் தேறிட்டு வருது ஒனக்கு"ன்னு வேற சொல்லுவான், திருடன்.

கடக்காரரு என் விரலப் பாத்தாரு. யாரு செட் பண்ணிக் குடுத்தான்னு மெதுவா கேட்டாரு. அங்கயே அழுதுட்டேன். அவசரப்பட்ட மச்சான் போயி, குடிக்க ஒரு தே ஐஸ் வாங்கிட்டு வந்து கையில குடுத்தான்.

அண்ணன் செஞ்சு வச்சது கன்ட்ரோலர்ல இல்லியாம், அவன் அக்கவுண்டுல இருக்காம். உள்ள போவ முடியலன்னா அவ்வளவுதான். "போன்தானே ஒடஞ்சுச்சு, சிம் கார்டு எங்க?"ன்னாரு.

சிம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். போலீஸ் குடுத்த பிளாஸ்டிக் பையில. அலமாரி மேல வச்சது, அத யாரும் தொடல.

வீட்டுக்கு வந்து, "நான் தொறக்கவா மா?"ன்னு கேட்டேன்.

"தள்ளு. நான் பெத்தவ"ன்னாங்க அம்மா.

அவங்களே பிரிச்சாங்க. வாட்ச்ச எடுத்து மடியில வச்சாங்க. போன எடுத்து முந்தானையில தொடச்சாங்க. தாலியில கெடந்த ஊக்க கழட்டி, அவங்களே குத்தி சிம்ம எடுத்தாங்க. என் போன்ல போட்டேன். கோடு வந்துச்சு.

உள்ள போனா ரெண்டே பேருல செட்டிங் இருந்துச்சு. ஒண்ணு 'நான்'. இன்னொண்ணு 'பாப்பா'. பாப்பாவ தட்டினேன். பச்ச எரிஞ்சிச்சு. பின்னாடி அமுக்கினேன், ஆளு தாவினான்.

மறுநாள் படையல் மேசைக்குக் கீழ லேப்டாப்பையும் ஓட விட்டோம். "இங்க என்னாத்துக்கு கம்ப்யூட்டரு?"ன்னு பெரியப்பா மொணகினாரு. "அது ஓடலன்னா புள்ளைக்கு லைட்டு எரியாதுங்க"ன்னாங்க அம்மா.

இன்னமும் அந்த லாஞ்சர் அப்பப்ப கோடு கேக்கும், அதனால அண்ணன் நம்பருக்கு விடாம டாப்-அப் போட்டுகிட்டு வாரேன். என்னால முடியாதத எனக்கே தெரியாம முடிய வச்சவன் ஒருத்தன் இருந்தான்ங்கிறதுக்கு எங்கிட்ட இருக்கிற சாட்சி அது ஒண்ணுதான்.